இருபதாவது வெள்ளைப் பொத்தான்

என் தையல் மெஷினைப் போல் சத்தமில்லாமல் ஓடும் மெஷின் இந்தத் தெருவில் வேறு கிடையாது. துணி கொடுக்க வருகிறவர்கள், "என்னம்மா இது, இப்படி வழுக்கிக்கிட்டு ஓடுது!" என்று கண் வைத்துவிட்டுப் போவார்கள். என் கைராசி என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் வாயைத் திறப்பதில்லை. உண்மை வேறு. என் அண்ணன் தோற்றுப்போகும்போதெல்லாம் வந்து அதற்கு எண்ணெய் போடுவான். அவன் அடிக்கடி தோற்றுப்போனான்.

அண்ணனுக்கு வேலை லிஃப்ட் பழுதுபார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பதிப்பாளர் ஆகிவிடுவான். பதிப்பாளர் என்றதும் புத்தகம் என்று நினைத்து யாராவது கவிதையைக் கொண்டுவந்து நீட்டினால் அவனுக்கு வியர்த்துக் கொட்டும். அவன் போடுவது ஆட்டம். மேஜையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. பகடை இல்லை, சீட்டு இல்லை, ராஜா ராணி இல்லை, யானை குதிரையும் இல்லை. கட்டம் உண்டு, பொத்தான் உண்டு, யோசிக்க இரண்டு தலை உண்டு, அவ்வளவுதான். "இதுல கதையே இல்லையே சார்?" என்று கடைக்காரர்கள் கேட்டால், "கதை வேணும்னா என் தங்கச்சிகிட்ட போங்க, அவ நல்லா அளப்பா" என்பான்.

எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கடைதான். முன்பாதியில் என் மெஷின், வெட்டும் மேஜை, இஸ்திரிப் பெட்டி. நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் அவனுடைய பதிப்பகம், அதாவது ஒரு மேஜையும் ஒரு அலமாரியும் ஆளுக்கொரு மாதிரி ஆடும் நாற்காலிகளும். அண்ணி ஒருமுறை வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை இந்த மனுஷன் இங்க இருந்தாத்தான் எனக்கு வீட்ல நிம்மதி. நீயே வச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

அவன் விற்பது ஒரே ஒரு பை. பைக்குள் எட்டுக்கு எட்டு கட்டம் தைத்த ஒரு துணி, இருபது வெள்ளைப் பொத்தான், இருபது கறுப்புப் பொத்தான், அப்புறம் மடித்த தாள்கள். ஒரு தாளில் ஒரு ஆட்டம். புது ஆட்டம் வந்தால் புதுத் தாள் மட்டும்தான் வரும். துணியும் பொத்தானும் எப்போதும் அதே துணி, அதே பொத்தான். பொம்மைக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் சார், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பெரிய டப்பா போட்டா ஒவ்வொரு தடவையும் வாங்குவாங்கல்ல? ஒரு தடவை பை வாங்கினவன் இனி என் கடைப் பக்கம் எதுக்கு வருவான்?" அண்ணன் யோசிக்கவே இல்லை. "ஒரு வீட்டுக்கு எத்தனை கத்தரிக்கோல் சார் வேணும்?" என்று திருப்பிக் கேட்டான். இவனை வைத்துக்கொண்டு யார் பணக்காரராவது?

இது ஆரம்பித்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு நாள் ஆறுமாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட இரண்டு பேரில் ஒருவர், மூன்றாம் மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். இன்னொருவர் அந்த லிஃப்டைச் சரிசெய்ய வந்த மெக்கானிக், நம்ம ஆள்தான். கருவிப் பையைக் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, லிஃப்டில் ஏறி என்ன சத்தம் வருகிறது என்று கேட்கப்போனானாம். வெளியிலிருந்து ஆள் வரும்வரை என்ன செய்வது? அண்ணனின் சட்டைப் பையில் எனக்காக வாங்கிய கோட்டுப் பொத்தான்கள் இரண்டு அட்டை இருந்தன, ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. டாக்டர் கைக்குட்டையை விரித்துப் பேனாவால் கட்டம் போட்டார். கதவைப் பிளந்து திறந்தபோது இரண்டு பேரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இருங்க இருங்க, ஒரு நிமிஷம்" என்றார்களாம். அன்று டாக்டர் கண்டுபிடித்ததுதான் முதல் தாள். அண்ணன் அதைப் போட்ட பதிப்பாளர். பொத்தான் பறிகொடுத்தவள் நான்.

பங்கு விஷயத்தில்தான் அவனுடைய சட்டதிட்டம் ஆரம்பிக்கும். ஒரு பை விற்றால் அதில் ஒரு பகுதியை முதலில் எடுத்து வைத்துவிடுவான். அது ஆட்டம் கண்டுபிடித்தவர்களுக்கு. எல்லாருடைய தாளும் ஒரே பையில் கிடக்கிறது, எல்லாரும் ஒரே பொத்தானைத்தான் உருட்டுகிறார்கள், ஆகவே எல்லாருக்கும் சமபங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புது ஆட்டம் ஒன்று உள்ளே வந்தால் என்ன ஆகும்? பழைய ஆட்களின் பங்கு மெலியும். ஆகவே புது ஆட்டம் வருகிறது என்றால் பழைய ஆட்கள் எல்லாரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதில் குற்றம் தேடுவார்கள். "அதுதான் எனக்கு வேணும். இவங்ககிட்ட தப்பிச்ச ஆட்டம் உலகத்துல எங்கயும் தப்பிக்கும்" என்பான் அண்ணன்.

துணி தைப்பது நான், பை தைப்பது நான், பொத்தான் வாங்கப் போவது நான். எனக்குப் பங்கு உண்டா? கிடையாது. "தையல் கூலி குடுக்கிறேன்ல? பங்கு ஆட்டம் கண்டுபிடிச்சவங்களுக்கு மட்டும்தான். எனக்கே கிடையாதே!" என்பான். அதுவும் உண்மைதான். எல்லாருக்கும் கொடுத்தது போக மிச்சம் அவனுக்கு. மிச்சம் என்று எதையும் நான் பார்த்ததில்லை. இருந்தாலும் நான் விடுவேனா? பொத்தான் கணக்கு வரும்போதெல்லாம், "கூலிக்காரி வந்திருக்கேன், எஜமான் இருக்காரா?" என்று திரையை விலக்கித் தலையை நீட்டுவேன். அவன் காது கேட்காதவன் மாதிரி துணியை மடித்துக்கொண்டிருப்பான்.

புது ஆட்டத்தைச் சோதிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு நாங்கள் வைத்த பெயர் உடைப்பு நாள். ஆடும் இருவரில் ஒருவர் என்ன செய்தாலும் ஜெயித்துவிடுகிற மாதிரி குறுக்குவழி ஒன்று கண்டுபிடித்துவிட்டால் அந்த ஆட்டம் உடைந்தது என்று அர்த்தம். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று அண்ணன் முன்கூட்டிச் சொல்ல மாட்டான். பெயர் தெரிந்தால் வேண்டியவருக்கு விட்டுக்கொடுப்பார்கள், வேண்டாதவரைப் போட்டு மிதிப்பார்கள் என்பது அவன் எண்ணம். உடைந்துவிட்டால் துணியை மடித்துவிடுவான், யாருடையது என்ற பேச்சே எழாது. உடையாமல் நின்றுவிட்டால், "யாருடையது? எந்திரிங்க" என்பான். கண்டுபிடித்தவர் எழுந்து நிற்பார். மற்றவர்கள் கையிலிருக்கும் பொத்தானால் மேஜையைத் தட்டுவார்கள். டக் டக் டக் என்று அந்தச் சத்தம் என் மெஷின் வரைக்கும் கேட்கும்.

எவ்வளவு நேரம் உடைக்கலாம்? அதற்கும் ஒரு சட்டம் உண்டு. பிளாஸ்க்கில் டீ தீரும்வரை. கடைசி மடக்கு உள்ளே போய்விட்டால் சோதனை முடிந்தது. பிளாஸ்க்கை நிரப்புவது யார் என்று கேட்காதீர்கள், நான்தான்.

இப்போது என் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் உள்ளவர்களின் ஆட்டத்தையெல்லாம் போடுகிறானே தவிர, பைக்குள் அவனுடைய தாள் ஒன்றுகூடக் கிடையாது. ஆசை இல்லாமலா? வாய் திறந்து சொல்ல மாட்டான். ஆனால் என் பொத்தான் டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு, இடதுகையும் வலதுகையுமாகத் தனக்குத் தானே ஆடிக்கொண்டிருப்பதை நான் திரை ஓட்டையில் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்லாத சட்டம் அவனுக்கு வசதியாகிவிட்டது. மற்றவர்களுடையதோடு தன்னுடையதையும் நடுநடுவே நுழைத்துவிடுவான். அவர்களும் வஞ்சனை இல்லாமல் உடைத்துத் தள்ளுவார்கள். "உடைஞ்சுது" என்று அண்ணன் ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே குரலில் சொல்லிவிட்டுத் துணியை மடிப்பான். எல்லாரும் போனபிறகு எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு என் மெஷினிடம் வந்துவிடுவான். நான் எதுவும் கேட்பதில்லை. காலை மட்டும் நகர்த்திக்கொள்வேன்.

அவனுக்கு வேண்டியது பங்கு இல்லை. அது எனக்குத் தெரியும். எத்தனையோ பேரைப் பார்த்து "எந்திரிங்க" என்று சொன்னவனுக்கு, ஒரே ஒரு தடவை எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவன் சரியில்லை. துணியை விரித்தான், சுருக்கம் எடுத்தான், மறுபடி விரித்தான். பொத்தானை எண்ணி இரண்டு கிண்ணத்தில் போட்டான், வெள்ளை இருபது, கறுப்பு இருபது. தலையை வாரிக்கொண்டு வந்தான். எனக்குப் புரிந்துவிட்டது, இன்று இவனுடையதுதான்.

முதலில் வந்தவர் பல் டாக்டர். ஆட்டத்தை உடைப்பதில் அவர்தான் பெரிய புலி. வாயில் சொத்தை தேடுகிற கண் அல்லவா? அன்று கார்க்கதவில் சட்டை மாட்டி இரண்டாவது பொத்தான் தெறித்துப்போய், நெஞ்சைக் கையால் மூடிக்கொண்டு வந்து நின்றார். "அம்மா, இதை ஒண்ணு பாருங்களேன். இப்படியே எப்படி உக்கார்றது?"

என் டப்பாவில் வெள்ளைப் பொத்தான் ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? கடையில் இருந்த வெள்ளையெல்லாம்தான் பைக்குள் போய்விட்டதே! அண்ணன் வாசலில், இரண்டாவதாக வந்த அச்சகக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். திரைக்குள் கையை விட்டு மேஜைக் கிண்ணத்திலிருந்து ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்தேன். கோட்டுப் பொத்தான், சட்டைக்குக் கொஞ்சம் பெரியது. அதைத் தைத்து, பொத்தான் நுழைகிற காஜாவைச் சற்றே வெட்டிவிட்டு உள்ளே திணித்தேன். ஆட்டம் தொடங்குவதற்குள் வேறு ஒன்று வாங்கி வந்து போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் ஒருத்தி பாவாடை அளவு கொடுக்க வந்துவிட்டாள். சுத்தமாக மறந்துவிட்டேன்.

மூன்றாவதாக டிரைவிங் டீச்சர் வந்து சேர்ந்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எதிராளி காயைத் தொட்டாலே காலால் பிரேக்கைத் தேடுவார். அச்சகக்காரர் எங்கள் தாள்களை அச்சடிப்பவர். அவருக்கும் பையில் ஒரு ஆட்டம் உண்டு. மூன்று பேரும் உட்கார்ந்ததும் அண்ணன் ஆட்டத்தைச் சொன்னான்.

"கறுப்பு ஆரம்பிக்கணும். ஆளுக்கொரு பொத்தானா மாத்தி மாத்தி வைக்கணும். உங்க நிறத்தோட பக்கத்துக் கட்டத்துல உங்க நிறத்தை வைக்கக் கூடாது. மூலைக்கு மூலை பரவாயில்ல. வச்சதை எடுக்கக் கூடாது. யாரால வைக்க முடியலையோ அவங்க தோத்தாங்க."

"இவ்வளவுதானா?" என்றார் டாக்டர்.

"இவ்வளவுதான்" என்றான் அண்ணன்.

டீச்சரும் அச்சகக்காரரும் ஆடினார்கள். நான் பாவாடையை வெட்டிக்கொண்டே காதைக் கொடுத்தேன். "ஐயையோ, அடைச்சிட்டாரே!" "இருங்க, அந்தப் பக்கம் இடம் இருக்கு." "அது எப்படி எனக்குத் தெரியாம போச்சு?" மறுபடியும் ஆடினார்கள், ஆளை மாற்றி ஆடினார்கள். ஒரு தடவை கறுப்பு ஜெயித்தது, ஒரு தடவை வெள்ளை. டீச்சர் டீயைக் குடிக்கவே மறந்துவிட்டார். திரையை விலக்கிப் பார்த்தேன். அண்ணன் சுவரோரமாக நின்று, வலதுகை விரலை இடதுகையால் முறுக்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "நான் வெள்ளை. டீச்சர், நீங்க கறுப்பு. இது எப்படி உடையுதுன்னு காட்டறேன்."

டீச்சர் ஒரு பொத்தான் வைத்தார். டாக்டர் அதற்கு நேர் எதிரே, துணியின் மறுகோடியில் அதே இடத்தில் வைத்தார். டீச்சர் நடுவில் வைத்தார். டாக்டரும் நடுவில், குறுக்கே. டீச்சர் எங்கே வைத்தாலும் துணியைத் தலைகீழாகத் திருப்பினால் அது எங்கே வருமோ அங்கே டாக்டர் வைத்தார். "கண்ணாடி" என்றார், பல் முழுக்கத் தெரியும்படி. "கறுப்புக்கு ஒரு இடம் இருந்தா, வெள்ளைக்கும் எதிர்ல ஒரு இடம் இருக்கும். ரெண்டு பேருக்கும் பொத்தான் இருபதுதான். நான் மூளையையே கழட்டி வச்சிட்டு ஆடலாம். கடைசில பொத்தான் இல்லாம முழிக்கிறது கறுப்புதான்."

அண்ணன் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தான். இத்தனை நாள் வலதுகையும் இடதுகையுமாக ஆடியும் அவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். எண்ணெய்க் குப்பி எங்கே இருக்கிறது என்று நானே தேட ஆரம்பித்துவிட்டேன்.

டீச்சர் தன்னுடைய கடைசிக் கறுப்பை வைத்தார். டாக்டர் ஜெயித்த மிதப்பில் துணியைப் பார்த்தபடியே கிண்ணத்துக்குள் கையை விட்டார். விட்ட கை அங்கேயே துழாவியது. அப்புறம் கிண்ணத்தைப் பார்த்தார். கிண்ணம் காலி.

"என்னோட ஒரு பொத்தானைக் காணோம்!"

"வைக்க முடியாதவர் தோத்தார்" என்றார் அச்சகக்காரர், ஒரே குஷியாக. டாக்டர் அவருடைய ஆட்டங்களை நிறைய உடைத்திருக்கிறார், அந்தக் கடுப்பு.

"அட, கீழ விழுந்திருக்கும்யா! தேடுங்க. டீ தீர்றதுக்குள்ள கிடைச்சா உடைஞ்சதுதான், என்ன சொல்றீங்க?" என்று டாக்டர் அண்ணனைப் பார்த்தார்.

"கிடைச்சா உடைஞ்சதுதான்" என்றான் அண்ணன்.

மூன்று பேரும் மேஜைக்கு அடியில் புகுந்தார்கள். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று நினைவு வந்தது. தவழ்ந்துகொண்டிருந்த டாக்டரின் நெஞ்சில், மற்ற பொத்தான்களைவிடப் பெரிதாக, காஜாவைப் பிதுக்கிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. தன் பொத்தானைத் தன் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு மனுஷன் தரையெல்லாம் தடவுகிறார்!

சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? நான் சொல்லவில்லை. பிளாஸ்க்கைத் தூக்கினேன். "பாவம், எவ்வளவு நேரமாத் தேடறீங்க, ஆளுக்கொரு டீ குடிங்க" என்று மேஜைக்கு அடியிலேயே நீட்டினேன். டீச்சருக்கு ஒன்று, அச்சகக்காரருக்கு ஒன்று. எனக்கு ஒன்று ஊற்றிக்கொண்டேன். கொதிக்கக் கொதிக்க மடமடவென்று குடித்தேன், நாக்கு வெந்துபோனது. இன்னொன்று ஊற்றினேன். பிளாஸ்க் லேசாகிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு டம்ளர்தான், என் அண்ணன் எழுந்து நிற்பதற்குக் குறுக்கே இருப்பது.

தலையைத் தூக்கினால் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் டாக்டரின் சட்டையைப் பார்த்தான். கண்ணாலேயே கெஞ்சினேன், வேண்டாம் அண்ணா, வாயை மூடிக்கொண்டு இரு என்று. கடைசி டம்ளரை ஊற்றப்போனேன். அவன் வந்து பிளாஸ்க்கின் வாயில் கையை வைத்து மூடினான்.

"டாக்டர், உங்க சட்டையில ரெண்டாவது பொத்தான்" என்றான்.

கடவுளே! இப்படி ஒரு ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அப்படியே லிஃப்டில் போட்டு நடுமாடியில் நிறுத்திவிடலாம் போல இருந்தது. வேறு வழியில்லாமல் நான்தான் கத்தரிக்கோலை எடுத்து வந்து அதை வெட்டினேன். டாக்டர் சட்டை திறந்து, பனியன் தெரிய, ராஜகம்பீரமாக அந்த இருபதாவது வெள்ளைப் பொத்தானை அதன் இடத்தில் வைத்தார்.

"உடைஞ்சுது" என்றான் அண்ணன். அதே ஒரே குரல். துணியை மடிக்கக் கையை நீட்டினான்.

துணியின் ஓரத்தை டீச்சர் கையால் அழுத்திக்கொண்டார். "ஒரு நிமிஷம். இந்தப் பொத்தான் சட்டையில இருந்தப்போதான் நானும் அச்சகக்காரரும் ஆடினோம். அது நல்லா இருந்துச்சே! அது எப்படி?"

"எப்படின்னா?" வெந்த நாக்கோடு நான் நடுவில் புகுந்தேன். கோபத்தில் எனக்கு வாய் நிற்காது. "வெள்ளைக்குப் பத்தொம்பதுதான் இருந்துச்சு, அதனாலதான். கடைசி வரைக்கும் எதிராளியைப் பார்த்துப் பார்த்து வச்சா, கடைசில கை காலி. அதனால வெள்ளை சீக்கிரமா கறுப்பை அடைச்சாகணும். வெள்ளைக்கு அவசரம், கறுப்புக்கு நிதானம். இது ஒரு பெரிய விஷயமா? அந்தப் பொத்தானை டாக்டர் சட்டையிலயே விட்டுடுங்க!"

"விட முடியாதே" என்றார் டாக்டர், பனியனைத் தடவிக்கொண்டு. "பை மேல என்ன போட்டிருக்கு? 'இந்தப் பையில் சும்மா இருக்கும் பொத்தான் கிடையாது.' நாற்பதுக்கும் வேலை இருக்கணும்."

அண்ணனே எழுதி, என்னை வைத்தே பையில் தைக்கச் சொன்ன சட்டம் அது. நூல்கூட நான்தான் வாங்கினேன். எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது.

"வேலைதான வேணும்? குடுக்கறேன் வேலை! ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே கறுப்பு அந்த வெள்ளைப் பொத்தானை எடுத்துத் துணியில எங்கயாவது வைக்கட்டும். அது யாரோடதும் இல்ல. நகராது, யாருக்கும் உதவாது, இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும். வீட்டுக்கு வீடு அப்படி ஒருத்தர் இருக்காங்கல்ல? போதுமா வேலை?"

டாக்டர் மெதுவாகப் பொத்தான்களை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். "வாங்க டீச்சர்" என்றார்.

டீச்சர் அந்த வெள்ளையை ஒரு ஓரத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் வைத்தார். ஆட்டம் தொடங்கியது. டாக்டர் கண்ணாடியை ஆரம்பித்தார். சற்று நேரத்தில் டீச்சர் அந்தச் சும்மா பொத்தானுக்கு நேர் எதிர்க் கட்டத்தில் கறுப்பை வைத்தார். டாக்டர் அதற்கு எதிரே வைக்கப்போனால், அங்கே ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி போச்சு! டாக்டர் கை அந்தரத்தில் நின்றது. டீச்சர் பிரேக்கை மிதிக்கிற மாதிரி தரையை ஓங்கி மிதித்தார்.

டாக்டர் இன்னொரு வழி பார்த்தார். ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். அச்சகக்காரரைக் கறுப்பில் உட்கார வைத்துப் பார்த்தார். வாய்க்குள் விளக்கடித்துப் பார்க்கிற மாதிரி துணிமேல் குனிந்து பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, அண்ணன் தடுத்து வைத்த பிளாஸ்க்கைத் தானே எடுத்துக் கவிழ்த்தார். மிச்சமிருந்த ஒரே டம்ளரை, ஆறிப்போன டீயை, ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"உடையல" என்றார்.

அண்ணன் சுவரை விட்டு நகர்ந்து மேஜையின் முனைக்கு வந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "யாருடையது? எந்திரிங்க."

டீச்சர் அச்சகக்காரரைப் பார்த்தார். அச்சகக்காரர் டீச்சரைப் பார்த்தார். இருவரும் டாக்டரைப் பார்த்தார்கள். நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து நில்லேன் மண்டு, இதற்குத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தாய்! அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஆனால் எழவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"எந்திரி."

நான் அப்போது வெட்டிவிட்டிருந்த காஜாவைச் சரிபண்ண டாக்டர் சட்டைக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். "யாரு, நானா?"

"உன் ஆட்டம்தான். வந்த ஆட்டம் உடைஞ்சு போச்சு, எல்லாரும் பார்த்தாங்க. நின்ன ஆட்டம் வேற. பொத்தானை எடுத்ததும் நீ, அதுக்கு வேலை குடுத்ததும் நீ. எந்திரி. பங்கு உனக்குத்தான்."

பங்கு பங்கு என்று இத்தனை நாள் கத்தியவளுக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் அழுகைதான் வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். "உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? நான் ஆட்டம் கண்டுபிடிச்சேனா? நான் உன்னைத் திட்டினேன்! அந்தத் துணி, அந்த அடைக்கிற விதி, அதெல்லாம் யாரோடது?"

"உடைஞ்ச ஆட்டம் யாரோடதுன்னு பேசக் கூடாது. சட்டம்" என்றான், மெதுவாக.

"சட்டமாம் சட்டம்! பேசுவேன். எங்க அண்ணனோடதுங்க! இது மட்டும் இல்ல. டாக்டர், நீங்க இத்தனை வருஷமா உடைச்சுப் போட்டீங்களே, அதுல பாதி இவரோடதுதான். நீங்கல்லாம் வீட்டுக்குப் போனப்புறம் ஒவ்வொரு தடவையும் வந்து என் மெஷினுக்கு எண்ணெய் போடுவாரு!"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். காது இரண்டும் சிவந்துவிட்டன. டாக்டர் கையிலிருந்த பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்து மூடினார். ஊராரின் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவருக்குத் தன் வாய் வேலை செய்யவில்லை.

"முதல் ஆட்டம் லிஃப்ட்ல நான் கண்டுபிடிச்சேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார் கடைசியில். "கட்டம் போட்டது நான். பாதி விதி இவர் சொன்னது. ஆனா என்னைத்தான் எந்திரிக்கச் சொன்னாரு. நானும் எந்திரிச்சேன்." எங்கள் இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரும் எந்திரிங்க. ஒரு பங்குதான் தருவோம், ரெண்டு பேர்னு சொல்லி ரெண்டாக் கேக்கக் கூடாது. எந்திரிங்கய்யா."

அண்ணன் அசையவில்லை. நான் போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். சின்ன வயதில் அவன் என்னைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கெல்லாம் சேர்த்து ஒரே இழு இழுத்தேன். எழுந்துவிட்டான். எழுந்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டான், அவிழ்த்தான், என் தோளில் வைத்தான்.

டீச்சர்தான் முதலில் தட்டினார். பிறகு அச்சகக்காரர். டாக்டர், திறந்த சட்டையோடு, அந்த இருபதாவது வெள்ளைப் பொத்தானால் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார். டக் டக் டக் டக். இத்தனை வருஷமாகத் திரைக்கு இந்தப் பக்கம் கேட்ட சத்தம், பக்கத்தில் நின்று கேட்டால் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் சிரித்தான். நான் அழுதேன், யார் பார்த்தால் என்ன.

தாளுக்குப் பெயர் வேண்டும் என்றார் அச்சகக்காரர். 'சட்டைப் பொத்தான்' என்று வைத்தோம். டாக்டர் சட்டைக்கு ஒரு நீலப் பொத்தானை வைத்துத் தைத்து அனுப்பினேன், வேறு நிறம் இல்லை. எல்லாரும் போனபிறகு அண்ணன் பொத்தான்களை எண்ணினான். வெள்ளை இருபது, கறுப்பு இருபது. கிண்ணத்தை அலமாரியில் வைத்துவிட்டு, திரையைத் தள்ளிக்கொண்டு, என் மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏதோ ராகம் இழுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

அடுத்த வாரமெல்லாம் மெஷின் கீச்சுக் கீச்சென்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியது. "என்னம்மா, எண்ணெய் போடலையா?" என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். குப்பி கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. இருக்கட்டும், கொஞ்ச நாள் கத்தட்டும் என்று சொல்லிவிட்டுத் தைத்தேன்.